கடைக் கணனிக்கு ஓர் இரட்டைத் தட்டு

நோன்பு இருபத்தைந்து. காலை ஒன்பது மணிக்கு எனது மச்சான் தனது புடைவைக் கடையின் கணனியை இயக்கியபோது, கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து மட்டும் வந்து நின்றது. பெட்டிக்குள் கடிகாரம் போல 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். திருத்துபவர் வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, வன்தட்டு முடிந்துவிட்டது என்றார்.

மச்சான் கவனயீனமானவர் அல்லர். தினமும் கடை மூடுமுன் கணக்குக் கோப்பை பென் டிரைவ் ஒன்றில் பிரதி எடுத்து வீட்டுக்குக் கொண்டு போகிறவர். எனவே தரவு எதுவும் தொலையவில்லை. ஆனாலும் அந்தக் கணனி பழையபடி சிட்டை அடிக்க நான்கு நாட்கள் சென்றன. புதிய தட்டு வாங்கி அதில் விண்டோஸ் பதிய வேண்டியிருந்தது. கணக்கு மென்பொருளின் சீடியைத் தேடியெடுத்தால், அதற்குரிய அனுமதி இலக்கம் இல்லை. விற்றவரோ வெளிநாட்டில். பிறகு சிட்டை அடிக்கும் பிரிண்டர், பார்கோட் வாசிப்பான், தமிழ் எழுத்துரு என்று ஒவ்வொன்றாகச் சரிக்கட்டி முடிக்கும்போது பெருநாளுக்கு முந்திய இரவாகிவிட்டது. வருடத்தின் மிகப் பெரிய வியாபாரம் நடந்த நான்கு நாட்களும் கொப்பியில் கையால் எழுதப்பட்டன. பெருநாள் கழிந்து கூட்டிப் பார்த்தபோது சில தாள்களைக் காணவில்லை. யார் எதைக் கடனுக்கு எடுத்தார் என்பது கடைப் பையன்களின் ஞாபகத்தைப் பொறுத்ததாயிற்று.

எம்மில் பலர் 'பெக்அப் எடுத்திருக்கிறேன்' என்று சொல்லும்போது மச்சான் செய்ததைத்தான் சொல்கிறோம். அது சாமான்களை மட்டும் காப்பாற்றுகிறது. கடையைத் திறக்கும் சாவி அதற்குள் இல்லை. கணனியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் இன்னொரு தட்டுக்கு இழுத்துப் போட்டாலும் அந்தத் தட்டால் கணனியை எழுப்ப முடியாது. ஏனெனில் மின்சாரம் வந்ததும் கணனி முதலில் தேடுவது, தட்டின் ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாமல் ஒதுக்கப்பட்ட ஒரு சிறு பகுதியை. விண்டோஸ் எங்கே இருக்கிறது, அதை எப்படித் தொடங்குவது என்ற விபரம் அங்கேதான் உள்ளது. சாதாரணமாகப் பிரதி எடுக்கும்போது அந்தப் பகுதி வருவதில்லை.

அதையும் சேர்த்து, தட்டின் பிரிவுகள் அனைத்தையும் இருந்தபடியே இன்னொரு தட்டுக்கு மாற்றுவதைத்தான் குளோன் என்கிறார்கள். இரட்டைத் தட்டு என்று நாம் சொல்லலாம். பழைய தட்டைக் கழற்றி இதை மாட்டினால் அதே விண்டோஸ், அதே மென்பொருள், அதே பிரிண்டர். திருகாணி கழற்றத் தெரிந்தவருக்குப் பதினைந்து நிமிட வேலை.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை? நேரம்தான் காரணம். 500 ஜிபி நிறைந்த பழைய ரகத் தட்டு ஒன்றை முழுமையாகப் பிரதி எடுக்க மணிக்கணக்காகும். களைத்துப் போய்க் கடை மூடும் மனிதர் அதற்காகக் காத்திருக்க மாட்டார். முதல் வாரம் செய்வார், இரண்டாம் வாரம் தள்ளிப்போடுவார். இதற்குத் தீர்வாக வந்ததே மாறியதை மட்டும் பிரதி எடுக்கும் முறை. முதல் தடவை முழுத் தட்டும் போகும். அடுத்த தடவை இரண்டு தட்டுகளையும் ஒப்பிட்டு, இடையில் மாறியவற்றை மட்டும் மென்பொருள் எழுதும். ஒரு கடையில் ஒரு நாளில் மாறுவது கணக்குக் கோப்பும் சில கடிதங்களும்தானே. சில நிமிடங்களில் முடிந்துவிடும். இந்த ஒப்பிடும் வேலைக்குப் பெயர்போன ஆர்சிங்க் என்ற இலவச மென்பொருளை அவுஸ்திரேலியாவில் அண்ட்ரூ ட்ரிட்ஜெல், போல் மக்கராஸ் ஆகிய இருவர் 1996இல் வெளியிட்டனர். இன்றும் உலகெங்கும் அது பாவனையில் உள்ளது.

விண்டோஸ் கணனிக்கு எதை வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: குளோன்சில்லா இலவசமானது, நம்பகமானது. ஆனால் மாறியதை மட்டும் எடுக்கும் வசதி அதில் இல்லை, ஒவ்வொரு தடவையும் முழுதாகவே எடுக்கும். மக்ரியம் ரிஃப்லெக்ட் மாறியதை மட்டும் எடுக்கும். அதன் இலவசப் பதிப்பு 2024 ஆரம்பத்துடன் நின்றுவிட்டது, இப்போது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். ஒரு காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்த நோர்ட்டன் கோஸ்ட் 2013இல் கைவிடப்பட்டது. அதன் பழைய சீடியை இன்னும் யாராவது நீட்டினால் வாங்க வேண்டாம்.

அப்பிள் மெக் பாவிக்கும் அச்சகத்தாருக்கும் விளம்பர நிறுவனத்தாருக்கும் ஒரு சிறு எச்சரிக்கை. கார்பன் கொப்பி குளோனர், சூப்பர் டூப்பர் ஆகிய இரண்டும் நீண்ட காலமாக இந்த வேலையை அழகாகச் செய்து வந்தன. ஆனால் 2020இல் வந்த பிக் சேர் பதிப்பிலிருந்து அப்பிள் தனது இயக்க முறைமையை முத்திரையிட்டுப் பூட்டிவிட்டதால் முன்போல் இலகுவாகக் குளோன் எடுக்க முடிவதில்லை. அப்பிளின் சொந்தச் சில்லுடன் வரும் கணனிகளில் உள்ளே இருக்கும் தட்டு செத்துவிட்டால், வெளித்தட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கணனி எழும்பாது. அவர்கள் தரவைப் பிரதி எடுத்துக்கொண்டு, அவசரத்துக்கு மாற்றுக் கணனி ஒன்றையும் யோசித்து வைப்பதே நல்லது.

விண்டோஸிலும் ஒரு சிக்கல் உண்டு. இரட்டைத் தட்டை யூ.எஸ்.பி. வயரில் தொங்கவிட்டு அதிலிருந்து கணனியை இயக்கிப் பார்க்கலாம் என்று நினைத்தால் பெரும்பாலும் ஏமாற்றமே. விண்டோஸ் அப்படி ஓடுவதற்கென அமைக்கப்பட்டதல்ல. கழற்றி உள்ளே மாட்டித்தான் பார்க்க வேண்டும். ஆகவே அதே வகையான, குறைந்தது அதே அளவான தட்டையே வாங்க வேண்டும். பிட்லொக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி இலக்கத்தைத் தாளில் எழுதி வீட்டில் வைக்க வேண்டும்.

மாட்டிப் பார்ப்பது என்பதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1998இல் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டோய் ஸ்டோரி 2' தயாராகிக் கொண்டிருந்தபோது, யாரோ பிழையாகக் கொடுத்த ஒரு கட்டளையால் படத்தின் பெரும்பகுதி அழிந்துபோனது. பதறாமல் பெக்அப்பை எடுத்தார்கள். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது! குழந்தை பெற்று வீட்டிலிருந்து வேலை செய்த கெலின் சஸ்மன் என்ற அதிகாரியின் வீட்டுக் கணனியில் ஒரு பிரதி இருந்தது. மாறியவை அவ்வப்போது அதற்கு அனுப்பப்பட்டு வந்திருந்தன. அந்தக் கணனியைப் போர்வையில் சுற்றிக் காரில் ஏற்றிக் கொண்டுவந்துதான் படத்தை மீட்டார்கள். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால், எமது கடை லாச்சிக்குள் கிடக்கும் தட்டைப் பற்றி என்ன சொல்வது.

லாச்சி என்றதும் இன்னொன்று. 2004 சுனாமி, 2014 அளுத்கம, 2018 திகன, 2019 மினுவாங்கொட, 2025 நவம்பர் வெள்ளம்: இவை எதிலும் தண்ணீரோ தீயோ கணனியை மட்டும் தேடி வரவில்லை. கடைக்குள் இருக்கும் பிரதி கடையோடுதான் போகும். அதன் பிறகு காப்புறுதிக்கும் நட்டஈட்டுக்கும் கையிருப்பு எவ்வளவு இருந்தது என்று காட்டவும், வரவேண்டிய கடனைக் கேட்கவும் கையில் எதுவும் இராது. இரட்டைத் தட்டு இரவில் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

அதைக் கணனியிலேயே பொருத்தி வைத்திருக்கவும் கூடாது. 2017 மே மாதத்தில் பரவிய வன்னாகிரை போன்ற பணயத் தீநிரல்கள் பொருத்தியிருக்கும் எல்லாத் தட்டுகளையும் சேர்த்தே பூட்டிவிடும். இரட்டைத் தட்டு மூலத்தை அப்படியே பின்பற்றுவது. மூலத்தில் கணக்குக் கோப்பு கெட்டுப்போயிருந்தால், இன்றிரவு அதிலும் கெடும். இதனால்தான் நான் இரண்டு இரட்டைத் தட்டுகளைச் சிபாரிசு செய்கிறேன், ஒரு வாரம் ஒன்று, மறு வாரம் மற்றது. தினசரிக் கணக்குக்குப் பென் டிரைவும் இருக்கட்டும், மச்சானின் பழக்கத்தில் பிழை எதுவும் இல்லை.

செலவு கூட என்று அவரும் முதலில் முகம் சுளித்தார். அந்த நான்கு நாட்களில் காணாமற்போன சிட்டைகளின் தொகையை நான் ஞாபகப்படுத்தியதும் பேசாமல் காசை எடுத்தார். இப்போது வியாழன் இரவில் பிரதி எடுத்துத் தட்டு வீட்டுக்குப் போகிறது. சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குக் கடை மூடியிருந்த வேளையில், பழையதைக் கழற்றி இரட்டையை மாட்டி இயக்கிப் பார்த்தோம். கணனி ஒரே தடவையில் எழும்பியது, கணக்கு திறந்தது. பிரிண்டர் மட்டும் அசையவில்லை. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, கூட்டிப் பெருக்கிய பையன் அதன் வயரைக் கழற்றி வைத்திருந்தது தெரிந்தது.