ஒரே அளவு, வேறு வேறு மேனி: ஒளிரும் சிலிகா துகள்களின் கதை

ஆய்வேடு கொடுக்கும் கெடு நெருங்குகிறது. இந்த இரண்டு வாரத்தில் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்: “என் ஒளிரும் சிலிகா நானோ துகளின் சீட்டா மின்னழுத்தம் பூச்சியத்தை ஒட்டி வந்துவிட்டது. பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) பூச்சு முழுதாக ஏறிவிட்டது என்று எழுதலாமா?”

எழுத வேண்டாம். துகள் மேற்பரப்பின் மின்னேற்றத்தைக் குறிக்கும் அந்த எண் ஒரு பெருங்கூட்டத்தின் சராசரி. கூட்டத்தில் ஒவ்வொரு துகளின் மேனியும் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உல்ரிக் வீஸ்னர் குழு உருவாக்கிய துகள்களை எடுத்துக்கொள்வோம். 2011இல் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி கிடைத்தது. மெலனோமா புற்றுநோயாளிகள் 5 பேரிடம் செய்த சோதனையின் முடிவுகள் 2014இல் வெளியாயின. துகளால் பாதகம் ஏதும் நேரவில்லை. இவ்வளவுக்கும் பிறகு 2019இல், அந்தக் குடும்பத்துத் துகள்களின் மேற்பரப்பு ஒரே சீராக இல்லை என்று காட்டியது அதே ஆய்வகம்தான். தன் பொருளைத் தானே இப்படிக் குடைந்து பார்த்த அந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கண்டுபிடித்த வழி எளிமையானது. அளவை வைத்துப் பிரிக்கும் ஜெல் குரோமடோகிராபியில் துகள்கள் ஒரே முகடாக வந்தன. அவற்றையே ஹெச்.பி.எல்.சி. (உயர்திறன் திரவ குரோமடோகிராபி) கருவியில், நீரை ஒதுக்கும் பூச்சுள்ள நிரல் வழியே செலுத்தினார்கள். பல முகடுகள் எழுந்தன. பெக் மட்டுமே போர்த்திய துகள் சீக்கிரம் வெளியேறியது. ஒளிர்வுக்காக உள்ளே வைக்கும் சாயத்தின் ஒரு மூலக்கூறு மேனியில் ஒட்டியிருந்த துகள் நிரலைப் பற்றிக்கொண்டு தாமதித்தது. இரண்டு ஒட்டியிருந்தால் இன்னும் தாமதம். 6 நானோமீட்டர் துகளில் 1 நானோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஒரு மூலக்கூறு வெளியே தெரிவது சின்ன விஷயமா என்ன?

உள்ளே பூட்ட நினைத்த சாயம் ஏன் வெளியே நின்றது? காரத்தன்மையுள்ள நீரில் சிலிகா வளரும்போது அதன் ஹைட்ராக்சில் தொகுதிகள் புரோட்டானை இழந்து எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. சல்ஃபோனேட் தொகுதிகள் கொண்ட சை5 சாயமும் எதிர்மின்னேற்றம் உடையதுதான். இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால், மாவுக்குள் அடங்காத பூரணம் கொழுக்கட்டையின் ஓரத்தில் பிதுங்குவதுபோல், சாயம் மேற்பரப்பிலேயே தங்கிவிடுகிறது. பிறகு சேர்க்கும் பெக் அதைச் சுற்றித்தான் முளைக்கிறது. நேர்மின்னேற்றமுள்ள சாயத்தையோ சிலிகா தன்னுள் இழுத்துக்கொள்கிறது. இதைப் புரிந்துகொண்டு தயாரிப்பு முறையை மாற்றியதும் ஹெச்.பி.எல்.சி.யில் ஒற்றை முகடு கிடைத்தது. ஒளிர வைப்பதற்காக உள்ளே போட்ட பொருளே வெளிமேனியின் வேதியியலைத் தீர்மானித்திருக்கிறது. என்னை அசரவைத்ததும் கவலைப்படவைத்ததும் இதுதான்.

கவலைக்குக் காரணம், ரத்தத்திலுள்ள புரதங்கள் சந்திப்பது இந்த மேனியைத்தான். ‘நானோ பொருள்’ என்பதன் வரையறையோ அளவைத்தான் பார்க்கிறது. ஐரோப்பிய ஆணையத்தின் 2022 வரையறைப்படி, எண்ணிக்கையில் பாதிக்குக் குறையாத துகள்கள் 1 முதல் 100 நானோமீட்டருக்குள் இருந்தால் அது நானோ பொருள். மேனியின் வேதியியலைப் பற்றி அந்த வரையறையில் பேச்சே இல்லை. வணிகப் புட்டியின் சான்றிதழில் ‘பெக் பூசியது’ என்றிருந்தால், பூச்சு வேலை நடந்தது என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள். எல்லாத் துகளும் ஒன்றுபோல் போர்த்தப்பட்டன என்பதற்கு அது சான்றாகாது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

சீட்டா அளவீடே வேண்டாமா? வேண்டும், குரோமடோகிராபிக்குத் துணையாக.

சிலிகா என்றால் சிலிகோசிஸ் வராதா? அது படிகச் சிலிகாத் தூசியைச் சுவாசிப்பதால் வரும் நோய். இவை படிகமற்றவை, கரைசலில் இருப்பவை.

ஒளிர்வு என்றால் கதிரியக்கமா? இல்லை; அந்த 5 பேருக்கும் கொடுத்த துகளில் பெட் ஸ்கேனுக்காகத் தனியே கதிரியக்க அயோடின்-124 இணைத்திருந்தார்கள், அதன் அரை ஆயுள் சுமார் 4 நாள்.

எங்கள் கல்லூரியில் ஹெச்.பி.எல்.சி. இல்லையே? அப்படியானால் ‘முழுப் பூச்சு’ என்று எழுதாமல், ‘சராசரி சீட்டா மின்னழுத்தம் பூச்சியத்தை நெருங்கியது’ என்று எழுதுங்கள்.