திருக்கோயில் நிலங்களும் பதிவேடுகளும்

பழவேற்காடு ஏரியின் கரையில், டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் எழுப்பிய கெல்ட்ரியா கோட்டை இருந்த இடத்திற்கு அருகில் அமைந்துள்ளது கோட்டைக்குப்பம். இவ்வூர் மீனவர்களுக்கு நிலத்தினும் நீரே பெருஞ்சொத்து. முகத்துவாரத்தை அடுத்துள்ள நீர்ப்பரப்பில் எவர், எந்நாளில், எவ்விடத்தில் வலை கட்டுவது என்பதைப் 'பாடு' என்னும் மரபு வரையறுக்கிறது. ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களுக்கும் இவ்வுரிமை உண்டு. சீட்டுக் குலுக்கி முறை வகுக்கப்படும். நீரில் எல்லைக்கல் நட இயலாது. ஆதலின், உரியவர் இன்னார் என்ற பெயர் வரிசையே அங்கு எல்லையாகிறது. அவ்வரிசையில் இடம் பெறாதவருக்கு, ஏரி கண்ணெதிரே விரிந்து கிடந்தாலும் உரிமை இல்லை.

நிலத்திற்கும் இதுவே பொருந்தும். இறைவனுக்கு ஒருவர் அளித்த நிலம், அளித்தவரும் பெற்றுப் பயிரிட்டவரும் மறைந்த பின்னரும் இறைவனுடையதாகவே நிலைப்பதற்கு எழுத்து ஒன்றே துணை. இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

முதலாம் இராஜராஜ சோழன் கி.பி. 1001-ஆம் ஆண்டளவில் தன் நாடு முழுவதையும் அளப்பித்தான். அப்பணியை ஏற்ற அதிகாரி 'உலகளந்தான்' என்னும் சிறப்புப் பெயர் பெற்றார். ஒரு வேலி நிலத்தின் 5,242 கோடியே 88 இலட்சத்தில் ஒரு பங்கு வரை கணக்கிட்டனர் என்பது கல்வெட்டுகளால் தெரிகிறது. நடைமுறையில் அத்துணைச் சிறு துண்டை எவரும் உழுதிருக்க முடியாது. ஆயினும், கணக்கில் ஓர் இம்மியும் விடுபடலாகாது என்ற கருத்து போற்றத்தக்கது.

பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே இதற்குச் சிறந்த சான்று உள்ளது. திருவாலங்காட்டுத் திருக்கோயிலுக்கு முதலாம் இராஜேந்திர சோழன் பழையனூரை அளித்த செய்தியைக் கூறும் செப்பேடுகள் 1905-ஆம் ஆண்டில் கிடைத்தன. மொத்தம் 31 ஏடுகள். அக்காலத்தில் ஓர் ஊரைத் தானம் செய்யும்போது நாட்டார் கூடிப் பெண் யானையை எல்லை சுற்றி நடத்தி, அது சென்ற வழியே கல்லும் கள்ளியும் நடுவர். ஊரார் அனைவரும் கண்ணால் கண்டு சாட்சியாவர். பின்னரே செம்பில் எழுத்து ஏறும். கள்ளியை ஏன் நட்டனர் என வியப்போர் உண்டு. ஆடு மாடு மேயாது, நீரின்றியும் வாழும். வேலிக்கு அதனினும் ஏற்றது எது?

ஆங்கிலேயர் காலத்தில், செங்கல்பட்டு ஜாகீர் கிராமங்களை 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்பவர் அளந்தார். ஊர்க் கணக்கப்பிள்ளைகள் வைத்திருந்த ஓலைக் கணக்குகளே அவருக்கு ஆதாரமாயின. கோயில்களுக்கும், கோயிற் பணியாளர்க்கும் விடப்பட்டிருந்த மானியங்கள் அவற்றால் வெளிப்பட்டன.

1858-இல் அமைக்கப்பட்ட இனாம் ஆணையம் இவ்வகை நிலங்களை ஊர்தோறும் விசாரித்தது. கொடுத்தவர் யார், எப்பணிக்காகக் கொடுக்கப்பட்டது, பரப்பு எவ்வளவு, அனுபவிப்பவர் யார் என்பவற்றை எழுதி, உரிமைப் பட்டயமும் வழங்கிற்று. பூசை, நாதசுரம், திருவிளக்கு எனப் பணி வாரியாகக் குறித்த அந்த இனாம் பதிவேடு இன்றும் நீதிமன்றங்களில் முதன்மைச் சான்றாக ஏற்கப்படுகிறது. பணிக்காக விடப்பட்ட நிலத்தை வழிவந்தோர் சொந்தமெனக் கருதி விற்ற வழக்குகள் பலவற்றில், கோயிலைக் காத்தது இப்பழைய ஏடே.

1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம், 29-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு திருக்கோயிலும் சொத்துப் பதிவேடு வைத்தல் வேண்டும் என விதிக்கிறது. ஆணையரின் அனுமதியின்றிச் செய்யப்படும் விற்பனையும், அடமானமும், 5 ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகையும் 34-ஆம் பிரிவின்படி செல்லாதவை. எனினும், பின்னாளில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது கோயில் நிலங்கள் சில தனியார் பெயரில் பதிவாயின. ஓர் எழுத்தர் ஒரு வரியில் செய்த பிழையைத் திருத்தப் பல்லாண்டுகள் ஆகின்றன. 2021 முதல் நவீன கருவிகளால் கோயில் நிலங்கள் மீண்டும் அளக்கப்பட்டு, எல்லைக் கற்கள் நடப்பட்டு வருகின்றன.

தம் ஊர்த் திருக்கோயிலுக்குரிய நிலம் எதுவெனப் பெரியோர் வாயிலாக அறிந்த அன்பர்கள், அதன் புல எண்ணைக் கேட்டறிந்து, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள 'அ' பதிவேட்டில் அது எவர் பெயரில் உள்ளது எனப் பார்த்தல் நலம். வேறுபாடு தென்படின் செயல் அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.