பஞ்சம் வெட்டிய கால்வாயும் பசிபிக் கடலும்

மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் போகும்போது கீழே எட்டிப் பார்த்தால், தூண்களுக்கு நடுவே கறுத்த தண்ணீர் தேங்கிக் கிடக்கும். பக்கிங்ஹாம் கால்வாய். மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகிறோம். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் அந்தத் துண்டை 1877-78ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டினார்கள். தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாண நிவாரண வேலைகளில் ஒரு கட்டத்தில் ஓர் ஆளுக்கு அன்றாடக் கூலி ஓரணாவும் ஒரு பவுண்டு தானியமும். அரைக் கிலோகூட இல்லை. அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் சுமக்க வேண்டும்.

தெற்கிலும் மேற்கிலுமாக அந்தப் பஞ்சம் 50 லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோனது. மழை பொய்த்ததால் மட்டும் அத்தனை பேர் சாகவில்லை. ஜனங்கள் தெருவில் விழுந்துகொண்டிருந்தபோதும் தானியம் கப்பலேறியது. அதை மறக்கக் கூடாது. ஆனாலும் மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அதற்குப் பதில் கிடைக்கத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இந்திய வானிலைத் துறை 1875ல்தான் தொடங்கியிருந்தது. அதன் முதல் பொறுப்பாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு, பஞ்ச காலத்தில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததைக் கவனித்தார். பிற்பாடு ஆஸ்திரேலியாவில் சார்லஸ் டாட் என்பவர், அங்கே வறட்சி வரும்போது இந்தியாவிலும் வருகிறது என்று சொன்னார். இரண்டு நாடுகளுக்கும் நடுவில் இருப்பதோ கடல்.

1904ல் துறைக்குத் தலைவராக வந்த கில்பர்ட் வாக்கர் வானிலை படித்தவர் அல்ல, கேம்பிரிட்ஜ் கணித மேதை. 1913ல் சென்னைக்கு வந்திருந்தபோது, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் கணக்குகளைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவித்தொகை கொடுங்கள் என்று சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான். நம்மவர்களுக்கு வாக்கரைத் தெரிந்திருக்க அதுவே போதும். அவர் உலகெங்கும் பதிவான அழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பசிபிக்கில் அழுத்தம் கூடினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் குறைகிறது, அங்கே குறைந்தால் இங்கே கூடுகிறது என்று கண்டார். தென் அலைவு என்று அதற்குப் பெயர் வைத்தார். இந்தத் தராசை ஆட்டுவது எது என்பதை மட்டும் அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆட்டியதில் பாதிப் பங்கு கடலுக்கு. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கடலிலும் அதேதான் நடக்கிறது. ஆவி உயரே போய் மேகமாகும் இடத்தில், சுமந்து வந்த சூட்டை இறக்கி வைக்கிறது. அந்தச் சூட்டில் காற்று இன்னும் மேலே எழுகிறது. கடலின் மேல்மட்டத்து மூன்று மீட்டர் தண்ணீர் பிடித்து வைக்கும் வெப்பமும், அதற்கு மேலே உள்ள மொத்தக் காற்றும் பிடித்து வைக்கும் வெப்பமும் ஏறக்குறையச் சமம் என்றால், கடலின் கை எவ்வளவு பலமானது என்று பாருங்கள்.

வழக்கமான ஆண்டுகளில் பசிபிக்கின் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கிலிருந்து வீசும் வியாபாரக் காற்று, வெதுவெதுப்பான நீரை மேற்கே தள்ளிக்கொண்டே போகிறது. இந்தோனேசியா பக்கம் கடல்மட்டம் பெரு நாட்டுக் கரையைவிடச் சுமார் அரை மீட்டர் உயர்ந்து நிற்கும். பெருவின் கரையில் அடியாழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதை நம்பி நெத்திலி இனத்து மீன் கொழிக்கும். சில ஆண்டுகளில் காற்று தளர்கிறது. மேற்கே குவிந்த வெந்நீர் கிழக்கே சரிகிறது, மேகக் கூட்டமும் அதன் பின்னாலேயே போகிறது, அழுத்த வித்தியாசம் குறைந்து காற்று இன்னும் தளர்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டி வரும் இந்தச் சுடுநீருக்குத்தான் பெரு மீனவர்கள் எல் நினோ, குழந்தை இயேசு, என்று பெயரிட்டார்கள். காற்றையும் கடலையும் இப்படி ஒரே முடிச்சில் கட்டிக் காட்டியவர் யாகோப் பியர்க்னஸ், 1969ல். வாக்கர் அதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார்.

மேகம் கிழக்கே போனால் இந்தியா பக்கம் வறண்ட காற்று கீழிறங்குகிறது, தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் இளைத்துப்போகிறது. 1877ல் பசிபிக்கில் இருந்தது, பதிவுகளில் மிகக் கடுமையான எல் நினோக்களில் ஒன்று. முந்தின ஆண்டே பொய்த்த மழையோடு அதுவும் சேர்ந்துகொண்டது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கணக்கு திரும்பிவிடும். தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழையை எல் நினோ பல சமயம் கூட்டியே கொடுக்கிறது.

இதையெல்லாம் இன்று முன்கூட்டியே பார்க்கப் பசிபிக் நடுவில் பல மிதவைகள் நங்கூரமிட்டுக் கிடக்கின்றன. கம்பியில் கோத்த கருவிகள் 500 மீட்டர் ஆழம்வரை வெப்பத்தை அளக்கின்றன. கடலில் எதுவும் சும்மா இருக்காது. பாசி பிடிக்கும், மீன்பிடிப் படகு மோதும். அவற்றைப் பராமரித்த அமெரிக்கக் கப்பலைச் செலவைக் குறைக்க 2012ல் ஓய்வுக்கு அனுப்பினார்கள். 2014 தொடக்கத்தில் வந்துசேர்ந்த தகவல் சுமார் 40 சதவீதம்தான். ஒரு கப்பல் செலவுக்காக உலகின் பாதிக்கு வானிலை சொல்லும் கண்ணை மூடியதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. பிறகு அவசரமாகச் சரிசெய்தார்கள்.

2015ல் எல் நினோ வந்தது. நாட்டின் தென்மேற்குப் பருவமழை 14 சதவீதம் குறைந்தது. ஆனால் வடகிழக்குப் பருவத்தில், டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது.