ஏழு மலையும் ஒரு லிட்டர் பெட்ரோலும்

ஆடம்பரக் கார்களின் மைலேஜ் கணக்கு திருப்பதி மலைப்பாதையில் தலைகீழாகிறது

திருப்பதி அடிவாரத்தில் அலிபிரி சோதனைச் சாவடி. வரிசையில் ஒரு வாடகை டாக்ஸி, அதன் பின்னால் பளபளக்கும் ஒரு பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை ஆறு வினாடிக்குள் தொட்டுவிடும் ரகமும் இந்த வரிசைக் கார்களில் உண்டு. ஆனால் அந்தப் பராக்கிரமம் இங்கே செல்லுபடியாகாது. மலையேறக் குறைந்தது 28 நிமிடம், இறங்க 40 நிமிடம் என்பது தேவஸ்தானம் வகுத்த கணக்கு. அதற்கு முன்பே போய்ச் சேர்ந்தால் அபராதம். டாக்ஸிக்கும் அதே 28 நிமிடம்தான்.

வேகத்துக்கு வேலை இல்லாத இடத்தில் இந்தக் கார்க்காரர்களுக்கும் மைலேஜ் ஞாபகம் வந்துவிடுகிறது. அரைக் கோடிக்கு மேல் கொட்டிக் கொடுத்தவர் பெட்ரோல் கணக்குப் பார்ப்பாரா என்று கேட்கலாம். பார்க்கிறார். மாருதி 800 காலத்திலிருந்தே இந்தியர்கள் கேட்டுவரும் கேள்வி பர்ஸின் கனத்தைப் பொறுத்து மாறுவதில்லை. சென்னைக்கு அருகே பி.எம்.டபிள்யூ தொழிற்சாலை தொடங்கிய 2007ஆம் ஆண்டிலேயே 3 சீரிஸ் அங்கு பூட்டப்பட்டு வெளிவந்தது. இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதியில் மலைக்குக் கிளம்பும் கார்களில் இத்தகைய சிறிய ஆடம்பர செடான்களும் சகஜம்.

விற்பனைக் கூடத்தில் சொல்லப்படும் மைலேஜ் பொய்யல்ல. ஆனால் அது சாலையில் அளக்கப்பட்டதும் அல்ல. சோதனைக் கூடத்தில் உருளைகளின் மேல் காரை நிறுத்தி, 1,180 வினாடிகள் ஓட்டி எடுத்த எண் அது. உச்சபட்ச வேகம் 90 கி.மீ.; மொத்தத் தூரம் 11 கி.மீ.கூட இல்லை. ஏ.சி.யை அணைத்துவிட்டுத்தான் இந்தச் சோதனை நடந்துவந்திருக்கிறது. சித்தூர் வெயிலில் ஏ.சி. இல்லாமல் யார் ஓட்டுகிறார்கள்? தவிர, உருளைக்கு மேடு பள்ளம் கிடையாது.

திருப்பதிக்கு உண்டு. நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 160 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. திருமலை 850 மீட்டரில். நான்கு பேரும் பெட்டிகளும் ஏறிய கார் 1,900 கிலோ என்று வைத்துக்கொண்டால், அவ்வளவு எடையை 700 மீட்டர் தூக்க மட்டும் 130 லட்சம் ஜூல் சக்தி வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் அதைப்போல இரண்டரை மடங்கு சக்தி அடங்கியிருக்கிறது. எனினும் எஞ்சின் அதில் முப்பது சதவீதத்தைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிய விஷயம். மீதி ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெப்பமாகப் போய்விடுகிறது. ஆக, உயரத்துக்கு மட்டும் செலவு சுமார் 1.3 லிட்டர். டயர் உராய்வையும் சேர்த்தால் 18 கி.மீ. ஏற்றத்தில் லிட்டருக்கு 10 கி.மீ. கிடைப்பதே அதிகம். டர்போ எஞ்சினும் எட்டு கியரும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குறைக்கலாம், அழிக்க முடியாது. வளைவுக்கு வளைவு பிரேக் போட்டு மறுபடியும் சீறினால் எண் இன்னும் இறங்கும். நிதானமாக ஏறச் சொல்லும் 28 நிமிட விதி பெட்ரோலையும் மிச்சப்படுத்துகிறது என்பது பலர் கவனிக்காத விஷயம்.

ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடிக்க நினைப்பதில்தான் ஆபத்து. 1944இல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதைதான் இப்போது இறங்குவதற்கு. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. நியூட்ரலில் போட்டு உருட்டிவிட்டால் பெட்ரோல் மிச்சம் என்பது டிரைவர்கள் வழிவழியாகச் சொல்லி வரும் பாடம். கார்புரேட்டர் காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இன்றைய கார்களில் அது தலைகீழ். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், கணினி பெட்ரோல் தெளிப்பையே நிறுத்திவிடுகிறது. உருளும் சக்கரமே எஞ்சினைச் சுற்றுகிறது, செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் அணைந்துவிடாமலிருக்கப் பெட்ரோல் தெளித்தாக வேண்டும். நாற்பது நிமிடத்துக்கு அது அரை லிட்டர் வரை போகலாம். சில புதிய ஆட்டோமேட்டிக் கார்கள் சமதளத்தில் தாமாகவே எஞ்சினைக் கியரிலிருந்து விடுவிக்கும். அது கணினி பார்த்துச் செய்வது. டிரைவர் மலைச்சரிவில் செய்யக்கூடியதல்ல.

பெட்ரோலாவது போகட்டும். ஏறும்போது தூக்கிய அந்த 130 லட்சம் ஜூலும் இறங்கும்போது எங்காவது போய்த்தானே ஆகவேண்டும்? கியரில் இறங்கினால் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது. நியூட்ரலில் கிட்டத்தட்ட முழுவதும் பிரேக் தலையில். தட்டுகள் பழுக்கக் காய்ந்து, திரவம் கொதித்தால் பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கும் சிக்கனக்காரர்கள் கதை இன்னும் மோசம்: பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் இருக்கும் துணைச் சக்தியும் போய்விடும். ஆட்டோமேட்டிக் கார் என்றால் கையால் கியர் மாற்றும் வசதி அதில் இருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் பிடித்துவைத்தால் போதும்.

சித்தூரில் சிக்கனத்துக்கு வேறு இலக்கணம். மூன்று மாநிலங்கள் கூடும் இந்தப் பகுதியில் பங்க்கின் விலைப் பலகைதான் எல்லைக் கல். சமீப ஆண்டுகளில் தமிழ்நாடு, கர்நாடக விலையைவிட ஆந்திரத்தில் பெட்ரோல் லிட்டருக்கு ஆறேழு ரூபாய்க்குக் குறையாமல் அதிகம். காரணம் மாநில வரி. வேலூர் 35 கி.மீ.தான். விவரமறிந்தவர்கள் எல்லை தாண்டுமுன் டாங்கை நிரப்பிக்கொள்ள, இந்தப் பக்கத்து பங்க்குகள் வெறிச்சோடுகின்றன. சென்னையிலிருந்து மலைக்குப் போய்வர ஏறக்குறைய 25 லிட்டர் ஆகும் காருக்கு இதில் லாபம் 175 ரூபாய் வாக்கில். வழியெல்லாம் 120 கி.மீ. வேகத்தில் பறந்து இரண்டு லிட்டர் கூடுதலாக எரித்தால் அந்த லாபம் காணாமல் போகும்.

மலையில் இந்தக் கணக்கையே மாற்றும் வண்டிகளும் வந்துவிட்டன. 2022 செப்டம்பரில் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் திருப்பதி–திருமலை தடத்தில் மின்சார பஸ்களை இறக்கியது. இறங்கும்போது அவற்றின் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஏற்றத்தில் செலவழித்ததில் ஒரு பங்கை பேட்டரிக்குத் திருப்பித் தருகிறது. பின்னால் வரும் செடான் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும், பெட்ரோல் எஞ்சின் மட்டும் உள்ளதென்றால், இறக்கத்திலிருந்து ஒரு சொட்டுப் பெட்ரோலைக்கூட அதன் டாங்குக்குத் திருப்ப முடியாது.