தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயமும் அதன் எதிர்காலமும்

மோட்டார் பந்தயம் என்பது கார், மோட்டார் சைக்கிள் முதலிய எந்திர வாகனங்களை வேகத்துக்காக ஓட்டிப் போட்டியிடும் விளையாட்டாகும். தமிழ்நாட்டில் இதற்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. பெட்ரோல் விலை, காற்று மாசு, மின்வாகனங்களின் வரவு ஆகியவற்றைப் பார்க்கும்போது இனி இது நிலைக்குமா என்ற கேள்வி எழுகிறது. எந்த எரிபொருளில் வண்டி ஓடுகிறது என்பதைவிட, சாதாரண வீட்டுப் பிள்ளை இதற்குள் வர வழி இருக்கிறதா என்பதைப் பொறுத்தே இதற்கான விடை அமையும்.

புதுக்கோட்டைச் சாலைகள் சொல்வது

புதுக்கோட்டை மாவட்டத்தில் கார்ப் பந்தயத் தளம் இல்லை. ஆனாலும் பந்தயம் என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அறந்தாங்கி, திருமயம் வட்டாரங்களில் கோயில் திருவிழாவையொட்டி மாட்டுவண்டிப் பந்தயம் நடக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. கிலோமீட்டர் வந்து எத்தனையோ காலமாகியும், தூரத்தை இன்னும் 'போக வர இத்தனை மைல்' என்றுதான் அறிவிப்பார்கள். எந்த ஊர் மாடு, யார் சாரதி என்பது சாலையோரம் நிற்பவர்களுக்கு அத்துப்படி.

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் சல்லிக்கட்டுடன் இந்தப் பந்தயமும் நின்றது. 2017-இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால் மீண்டது. அத்திருத்தம் செல்லும் என்று 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. தடை நீங்கியதும் பந்தயம் உடனே களைகட்டியதற்குக் காரணம் எளிது. மாடு வளர்ப்பவரும் ஓட்டுபவரும் பார்ப்பவரும் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள்.

இதற்கு நேர்மாறான கதை டெல்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் நடந்தது. 5.125 கிலோமீட்டர் நீளமுள்ள புத் பன்னாட்டுத் தளத்தில் 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகள் ஃபார்முலா ஒன் பந்தயம் நடைபெற்றது. மூன்றிலும் வென்றவர் ஜெர்மனியின் செபாஸ்டியன் வெட்டல். உத்தரப் பிரதேச அரசு இதை விளையாட்டாகக் கருதாமல் கேளிக்கையாகக் கருதி வரி கேட்டது. அந்தச் சிக்கலுக்குப் பின் பந்தயம் திரும்பவில்லை. அது வேண்டும் என்று யாரும் தெருவில் இறங்கவும் இல்லை.

சோழவரம் முதல் தீவுத்திடல் வரை

சென்னையில் மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. அதில்தான் பல ஆண்டுகள் பந்தயங்கள் நடந்தன. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தளம் திறக்கப்பட்டது.

ஆனால் தளம் மட்டும் போதாது, ஓட்ட வண்டி வேண்டும். அந்தக் குறையைத் தீர்த்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவர்தன். வெளிநாட்டுப் பந்தயக் கார்கள் எட்டாக்கனியாக இருந்த 1980-களின் இறுதியில், மாருதி 800 காரின் எந்திரத்தைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். அதுவே ஃபார்முலா மாருதி. அதில் ஓட்டிப் பழகியவர்களுள் ஒருவரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன்னில் பங்கேற்ற முதல் இந்தியரானார். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் 2010-இல் அவரைத் தொடர்ந்தார். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். அவர் பெயரால் கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீடுவே அமைந்துள்ளது.

2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, 3.5 கிலோமீட்டர் சாலைத் தளத்தில், இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 நடந்தது. முதலில் 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது. மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. பொதுச்சாலையில் நடத்தலாமா, அரசுப் பணம் செலவிடலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்குகளும் வந்தன. அக்கேள்விகள் நியாயமானவை. தொலைக்காட்சியில் மட்டும் பார்த்த காட்சியைப் பலர் அன்று நேரில் கண்டார்கள் என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்தில் நடிகர் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்றபோது, இந்த விளையாட்டின் பெயர் கிராமத்துத் தேநீர்க் கடை வரை போய்ச் சேர்ந்தது. பார்வையாளரைச் சேர்க்க இவை உதவும். ஓட்டுநரை உருவாக்க இவை போதா.

மின்சாரமும் சத்தமும்

மின்சாரக் கார்களுக்கான ஃபார்முலா இ 2014-இல் தொடங்கியது. 2023 பிப்ரவரியில் ஐதராபாத்துக்கு வந்தது, அடுத்த ஆண்டு வரவில்லை. ஃபார்முலா ஒன்னின் 2026 விதிகளின்படி, காரின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி மின்சாரத்திலிருந்து வரும். எந்திரத்தின் இரைச்சல்தான் பந்தயத்தின் உயிர் என்போர் இதை விரும்புவதில்லை. ஆயினும் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எந்திரமே இல்லை, ஆரவாரத்துக்குக் குறைவுமில்லை.

ஆபத்துதான் இதைவிடப் பெரிய கேள்வி. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டையில் நடந்த மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்தான். தலைக்கவசம், காப்புடை, மருத்துவக் குழு எல்லாம் உள்ள தளத்திலேயே இப்படி என்றால், புறவழிச்சாலையில் சட்டைக் காற்றில் பறக்க ஓட்டுபவனின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அரசின் அனுமதியின்றிப் பொதுச்சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வாகன உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என 2019 திருத்தம் கூறுகிறது. தண்டனை தேவைதான். ஆனால் ஓட்டிப் பார்க்க வேறு இடம் காட்டாதவரை ஆசை சாலைக்குத்தான் வரும்.

பொறியியல் மாணவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. ஃபார்முலா பாரத் என்னும் போட்டி கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடத்தப்படுகிறது. கல்லூரி அணிகள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய சிறு பந்தயக் காரைக் கொண்டுவர வேண்டும். எரிபொருள் காருக்கும் மின்சாரக் காருக்கும் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. காரைச் சாய்த்துப் பார்க்கும் சோதனை, பிரேக் பிடித்தால் நான்கு சக்கரமும் ஒருசேர நிற்கிறதா என்ற சோதனை ஆகியவற்றில் தேறிய பிறகே தளத்தில் இறக்குவார்கள். வேகத்துக்கு மட்டுமன்றி, வடிவமைப்புக்கும் செலவுக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு.