எண்ணிம ஒலிக்கலப்பி

எண்ணிம ஒலிக்கலப்பி என்பது பல ஒலிவாங்கிகளிலிருந்தும் இசைக்கருவிகளிலிருந்தும் வரும் மின் குறிகைகளை எண்களாக மாற்றி, கணிப்பின் மூலம் சீர்படுத்திக் கலந்து, ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் மின்னணுக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது டிஜிட்டல் மிக்சர் எனப்படும். நீண்ட காலம் பெரிய அரங்குகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் மட்டுமே காணப்பட்ட இக்கருவி, 2012 ஆம் ஆண்டுக்குப் பின்னர் சிறிய இசைக்குழுக்களும் வழிபாட்டு இடங்களும் கல்லூரிகளும் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. நேரடி நிகழ்ச்சிகளுக்காகக் குறைந்த செலவில் இக்கருவியைத் தெரிவு செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்பாடு

ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. முன்பெருக்கி அதனைப் பெருக்கிய பின், மாற்றி ஒன்று அதனை நொடிக்கு 48,000 முறை (சில கருவிகளில் 96,000 முறை) அளந்து எண்களாக்குகிறது. அதன் பின்னர் நடைபெறும் அனைத்தும் கூட்டலும் பெருக்கலுமே. பழைய அனலாக் கலப்பிகளில் ஒவ்வொரு தடத்திற்கும் தனித்தனி மின்சுற்று தேவைப்பட்டது. கம்ப்ரெசர், ரிவெர்ப், கிராபிக் ஈக்குவலைசர் போன்றவை கலப்பிக்கு வெளியே, இரும்புச் சட்டத்தில் அடுக்கப்பட்ட தனிப் பெட்டிகளாக இருந்தன. எண்ணிமக் கலப்பியில் இவை மென்பொருளாகவே உள்ளன. ஒரு நிகழ்ச்சிக்கான அமைவு முழுவதையும் நினைவகத்தில் சேமித்து, அடுத்த முறை ஒரே பொத்தானில் மீட்கவும் இயலும்.

ஆயினும் இரண்டு ஒலிவாங்கிகளும் ஒரு பேச்சாளரும் மட்டுமே உள்ள கூட்டத்திற்கு எண்ணிமக் கலப்பி தேவையில்லை. அத்தகைய இடத்தில் சிறிய அனலாக் கலப்பியே மலிவானது. பழகாதவரும் அதனைக் கையாளலாம்.

வரலாறு

யமாகா நிறுவனம் 1987 இல் வெளியிட்ட டிஎம்பி7, எட்டு உள்ளீடுகளும் மோட்டாரால் தாமே நகரும் ஃபேடர்களும் கொண்ட தொடக்ககால எண்ணிமக் கலப்பிகளுள் ஒன்று. அந்நிறுவனத்தின் 02ஆர் (1995) ஒலிப்பதிவுக் கூடங்களிலும், எல்எஸ்9 (2006) சிறு மேடைகளிலும் பரவின.

விலையில் பெரிய மாற்றம் 2012 இல் நிகழ்ந்தது. பெரிங்கர் நிறுவனத்தின் தாய் நிறுவனம், பெரிய இசை நிகழ்ச்சிகளுக்கான கலப்பிகளுக்குப் பெயர்பெற்ற பிரித்தானியாவின் மைடாஸ் நிறுவனத்தை 2009 இல் வாங்கியிருந்தது. அதன் பின்னர் 2012 இல் அறிமுகமான பெரிங்கர் எக்ஸ்32, 32 ஒலிவாங்கி உள்ளீடுகளையும் 16 வெளியீடுகளையும் மோட்டார் ஃபேடர்களையும் சுமார் 3,000 அமெரிக்க டாலருக்குள் வழங்கியது. ஆலன் அண்ட் ஹீத் நிறுவனத்தின் கியூ-16 2013 இல் வந்தது. ஃபேடரே இல்லாத, மேடையில் வைக்கும் பெட்டி வடிவக் கலப்பிகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து விலையை மேலும் இறக்கின. பெரிங்கர் எக்ஸ்ஆர்18, சவுண்ட்கிராஃப்ட் யுஐ16 ஆகியவை இவ்வகையின.

உள்ளீடுகளும் வெளியீடுகளும்

விளம்பரத் தாள்களில் முதலில் அச்சிடப்படுவது உள்ளீடுகளின் எண்ணிக்கையே. வாங்குவோரும் அதனையே ஒப்பிடுகின்றனர். ஆனால் நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது பெரும்பாலும் வெளியீடுகளே.

காரணம் எளிது. மக்கள் கேட்பதற்கு இடம், வலம் என இரண்டு வெளியீடுகள் போதும். மேடையில் இருப்போருக்கு அவ்வாறு அல்ல. பாடகருக்குத் தம் குரலும் சுருதியும் கேட்க வேண்டும். டிரம் வாசிப்பவருக்கு பேஸ் கித்தார் கேட்க வேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கலவை ஒன்று தேவை. இக்கலவை மேடையிலுள்ள மானிட்டர் ஒலிபெருக்கிக்குச் சென்றால் ஒருவருக்கு ஒரு வெளியீடு செலவாகும். காதில் பொருத்தும் மானிட்டருக்கு இரு பக்கமும் வேறுபட்ட ஸ்டீரியோ ஒலி வேண்டுமெனில் ஒருவருக்கு இரண்டு.

ஐவர் கொண்ட குழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிரம்முக்கு ஆறு ஒலிவாங்கிகள், பேஸ் ஒன்று, கித்தார் ஒன்று, கீபோர்டு இரண்டு, குரல் மூன்று என மொத்தம் 13 உள்ளீடுகள். 16 உள்ளீடுள்ள எக்ஸ்ஆர்18 இதற்கு ஏராளம் எனத் தோன்றும். ஆனால் அக்கருவியில் முதன்மை வெளியீடுகள் தவிர ஆறு துணை வெளியீடுகளே உள்ளன. ஐவருக்கும் மேடை மானிட்டர் எனில் ஒன்று மிஞ்சும். ஐவருக்கும் ஸ்டீரியோ காது மானிட்டர் எனில் பத்து வேண்டும். மூவருக்கு மேல் கிடைக்காது. கியூ-16 இல் நான்கு ஒற்றைக் கலவைகளும் மூன்று ஸ்டீரியோக் கலவைகளும் உள்ளன. எக்ஸ்32 இல் 16 கலவைத் தடங்கள் இருந்தாலும், தொடக்க அமைவில் கடைசி நான்கும் எதிரொலி போன்ற விளைவுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளதால் மேடைக்கு 12 எனக் கணக்கிடுவதே பாதுகாப்பானது.

வெளியீடு போதாத நிலையில் இருவர் ஒரே கலவையைப் பகிர்ந்துகொள்வர். பின்னர் ஒவ்வொருவரும் தமக்குக் கேட்கவில்லை என்று கூட்டச் சொல்ல, மேடையின் மொத்த ஒலியளவும் ஏறி ஒலிவாங்கிகள் கூவத் தொடங்கும்.

கட்டுப்பாட்டுப் பரப்பு

மலிவான எண்ணிமக் கலப்பியில் உற்பத்தியாளர் சிக்கனம் செய்யும் இடம் ஒலித்தரம் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெரும் சேமிப்பு குமிழ்களிலும் ஃபேடர்களிலும் திரையிலும் கிடைக்கிறது. மோட்டார் ஃபேடர்கள் விலை மிகுந்தவை. அவற்றை நீக்கிவிட்டு, கட்டுப்பாட்டை வாங்குபவரின் டேப்லட் கணினியிடம் விட்டுவிட்டால் விலை வெகுவாகக் குறைகிறது.

இதில் ஆதாயமும் உண்டு. கலப்பியை இயக்குபவர் பார்வையாளர் நடுவே நடந்தபடி ஒலியைச் சரிசெய்யலாம்; மேடைக்கே சென்று பாடகர் அருகில் நின்று மானிட்டரை அமைக்கலாம். இசைக்கலைஞர்கள் தம் கைபேசியிலிருந்து தம் கலவையைத் தாமே மாற்றிக்கொள்ளவும் முடியும்.

இடர் வேறிடத்தில் உள்ளது. ஒலிவாங்கி கூவத் தொடங்கினால் இரண்டு நொடிகளுக்குள் அந்தத் தடத்தைக் குறைக்க வேண்டும். ஃபேடர் உள்ள கருவியில் கை தானாகவே அங்கு செல்லும். தொடுதிரையில் உரிய பக்கத்தைத் தேடிச் செல்ல வேண்டும். அதே நேரத்தில் வை-ஃபை துண்டிக்கப்பட்டிருந்தால், எக்ஸ்ஆர்18 போன்ற பெட்டிகளில் ஒரு தடத்தைக் குறைக்க ஒரு குமிழ்கூடக் கிடையாது.

வை-ஃபை துண்டிக்கப்படுவது அரிதன்று. எக்ஸ்ஆர்18 இன் உள்ளமைந்த வை-ஃபை 2.4 கிகாஎர்ட்சு அலைவரிசையில் மட்டும் இயங்குகிறது. அப்பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என மூன்றே. காலியான அரங்கில் மாலை ஒத்திகை குறையின்றி நடக்கும். இரவில் சில நூறு பேர் கைபேசிகளுடன் வந்து அமர்ந்ததும், அக்கைபேசிகளின் அலைகள் இடையூறு செய்ய, மனித உடல்களும் அலையை உறிஞ்சிக்கொள்ள, இணைப்பு தடுமாறும். எனவே 5 கிகாஎர்ட்சு வசதியுள்ள தனி ரௌட்டர் ஒன்றையும், கம்பி வழியே கலப்பியுடன் நேரடியாக இணைந்த மடிக்கணினி ஒன்றையும் இத்தகைய கருவியின் விலையுடன் சேர்த்தே கணக்கிட வேண்டும். அவ்வாறு கூட்டிய பின் ஃபேடர் உள்ள கருவிக்கும் இதற்குமான விலை வேறுபாடு எதிர்பார்த்ததை விடச் சிறிதாக இருக்கக்கூடும்.

மாதிரி வீதமும் தாமதமும்

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 எர்ட்சு வரை கேட்கும். 48,000 முறை அளக்கும் கருவி 24,000 எர்ட்சுக்குச் சற்றுக் கீழ் வரை பதிவு செய்ய வல்லது. எனவே 96,000 என்ற எண்ணுக்காக மட்டும் கூடுதல் பணம் செலவிடுவதில் பொருளில்லை.

கணிப்பினால் ஏற்படும் தாமதம் இவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஒரு மில்லிநொடியை ஒட்டியது. ஒலி காற்றில் ஒரு மில்லிநொடியில் சுமார் 34 சென்டிமீட்டர் செல்கிறது. அதாவது ஒலிபெருக்கியை ஒரு முழத்துக்கும் குறைவாகப் பின்னுக்கு நகர்த்தியதற்கு ஒப்பானது. காது மானிட்டர் அணியும் பாடகர்கள் மட்டும் இதனைச் சற்று உணர வாய்ப்புண்டு. அவர்களின் சொந்தக் குரல் எலும்பின் வழியே உடனடியாகவும் கலப்பியின் வழியே தாமதமாகவும் வந்து கலப்பதே காரணம்.

கேபிளும் மின்வழங்கலும்

மேடைக்கும் கலப்பிக்கும் இடையே ஓடும் அனலாக் மல்டிகோர் கேபிள் கனமானது, விலை மிகுந்தது. எக்ஸ்32 இல் அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேட்5இ கணினி வலைக் கேபிளைப் பயன்படுத்தலாம். ஏஇஎஸ்50 என்னும் நெறிமுறை அதன் வழியே ஒவ்வொரு திசையிலும் 48 தடங்களைக் கடத்துகிறது. எஸ்16 என்னும் மேடைப் பெட்டி 16 உள்ளீடுகளும் 8 வெளியீடுகளும் கொண்டது. காப்புறை இல்லாத மலிவான கேபிளை இங்குப் பயன்படுத்தினால் நிலைமின் பாய்ச்சலால் இணைப்பு அறுபட நேரிடும்.

அனலாக் கலப்பி மின்சாரம் வந்தவுடன் இயங்கும். எண்ணிமக் கலப்பி ஒரு கணினி. மின்சாரம் ஒரு நொடி தடைப்பட்டாலும் மீண்டும் தொடங்கும் வரை அரங்கு முழுவதும் அமைதி நிலவும். மின்னாக்கியிலிருந்து மின்சாரம் பெறும் இடங்களில் கலப்பிக்கும் மேடைப் பெட்டிக்கும் ரௌட்டருக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று இன்றியமையாதது. ஒலிபெருக்கிகளை அதில் இணைக்கத் தேவையில்லை.

பயன்படுத்திய கருவிகள்

பழைய கருவியை வாங்கும்போது ஒவ்வொரு ஃபேடரையும் மேலும் கீழும் ஓடவிட்டு, எல்லா உள்ளீடுகளிலும் ஒலிவாங்கியை மாட்டிச் சோதிக்க வேண்டும். டேப்லட்டைச் சார்ந்த கருவி எனில் அதற்கான மென்பொருள் இன்றைய டேப்லட்டில் இயங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். 2012 இல் அறிமுகமான மேக்கி டிஎல்1608, ஐபேடையே தன் முகப்பில் பொருத்திக்கொள்ளும்படி 30 ஊசி இணைப்பியுடன் வடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் லைட்னிங் என்னும் வேறு இணைப்பிக்கு மாறியது. மேக்கி பின்னர் மாற்று வடிவத்தை வெளியிட்டது. முதல் வடிவத்தை வாங்கியோர் புதிய ஐபேடை அதில் நேரடியாகச் செருக இயலாமற் போயிற்று. வலை உலாவி வழியே இயங்கும் சவுண்ட்கிராஃப்ட் யுஐ வரிசைக்கு இச்சிக்கல் குறைவு.

பல உற்பத்தியாளர்கள் தம் கலப்பிகளுக்கான கட்டுப்பாட்டு மென்பொருளை இலவசமாக வழங்குகின்றனர். எக்ஸ்32 எடிட் போன்றவை கருவி இல்லாமலேயே கணினியில் திறக்கும். தம் நிகழ்ச்சிக்கான உள்ளீடுகளையும் மானிட்டர் கலவைகளையும் அதில் அமைத்துப் பார்த்தால், எந்தப் பக்கத்தில் எது உள்ளது என்பதும் வெளியீடுகள் போதுமா என்பதும் பணம் கொடுப்பதற்கு முன்னரே தெரிந்துவிடும்.