'நாய்க்கு அனுமதி உண்டு' என்றால் போதுமா? விடுமுறைக் குடிலை முன்பதிவு செய்யும் முன் கவனிக்க வேண்டியவை

எலெக்ட்ரானிக் சிட்டி (பெங்களூரு): தொடர் விடுமுறை வந்தால், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஓசூர் சாலை வழியாக ஏலகிரி, ஏற்காடு, மாமல்லபுரம் எனப் புறப்படும் குடும்பங்களில் சில, வளர்ப்பு நாயையும் உடன் அழைத்துச் செல்கின்றன. நாயைக் காப்பகத்தில் விட்டுச்செல்ல மனம் வராதவர்களுக்காகவே 'வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி உண்டு' என்ற குறிப்புடன் பண்ணை வீடுகளும் ஹோம்ஸ்டேக்களும் கடற்கரைக் குடில்களும் விளம்பரம் செய்யப்படுகின்றன.

ஆனால், அந்தக் குறிப்பு ஒன்றை மட்டுமே உறுதி செய்கிறது. நாயுடன் வருபவரை உரிமையாளர் திருப்பி அனுப்ப மாட்டார் என்பதே அது. வேலி முழுமையாக இருக்கிறதா, இரவில் சிறுத்தை வரும் இடமா, ஞாயிற்றுக்கிழமை கால்நடை மருத்துவர் கிடைப்பாரா என்பவை பற்றி விளம்பரம் எதுவும் சொல்வதில்லை. அனுமதி வேறு, பாதுகாப்பு வேறு. இந்த வேறுபாட்டை முன்பணம் கட்டும் முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் தட்பவெப்பம், பிறகு குடில்

எலெக்ட்ரானிக் சிட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குள்ள மிதமான குளிருக்குப் பழகிய நாய், தேசிய நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரியைக் கடந்து வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என இறங்கும்போது சில மணி நேரத்திலேயே முற்றிலும் வேறான வெப்பத்தைச் சந்திக்கிறது. மனிதர்களைப் போல உடல் முழுவதும் வியர்த்துத் தணியும் அமைப்பு நாய்களுக்கு இல்லை. மூச்சிரைப்பதன் மூலமே அவை பெரும்பாலும் உடல் சூட்டைக் குறைக்கின்றன. பக் போன்ற தட்டை முக இனங்களுக்கு அதுவும் கடினம். எனவே, ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரையைவிட மலைப்பகுதியே அவற்றுக்கு ஏற்றது.

வழியில் உணவகத்தில் நிறுத்தும்போது நாயைக் காருக்குள் விட்டுச்செல்வது மிகவும் ஆபத்தானது. வெளியே 24 டிகிரி செல்சியஸ் மட்டுமே இருந்தாலும், மூடிய காருக்குள் 10 நிமிடங்களில் 34 டிகிரியையும், அரை மணி நேரத்தில் 43 டிகிரியையும் வெப்பம் எட்டக்கூடும். கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதால் பெரிய பலன் இல்லை.

மலைப்பாதைகளையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 வளைவுகள். பயணத்தில் வாந்தி எடுக்கும் நாய்களுக்குப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பே உணவை நிறுத்துவது நல்லது. மைசூரு வழியாக உதகை செல்பவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் சுற்றுலா வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை 2024 மே 7 முதல் அமலுக்கு வந்தது. இவற்றை அறியாமல் சென்று சோதனைச்சாவடியில் காத்திருக்க நேர்ந்தால், காருக்குள் அடைபட்டிருக்கும் நாயே அதிகம் துன்புறும்.

சிறுத்தையின் உணவில் நாய்

காட்டை ஒட்டிய குடில்களில் முதன்மையான ஆபத்து சிறுத்தை. இது மிகைப்படுத்தப்பட்ட அச்சம் அன்று. மகாராஷ்டிராவின் அகோலே பகுதியில், கரும்பு வயல்களுக்கிடையே வாழும் சிறுத்தைகளின் எச்சங்களை ஆராய்ந்து 2014-ல் வெளியான ஆய்வு, அவை உண்ட இரையின் எடையில் 39 சதவீதம் வீட்டு நாய்கள் என்று கண்டறிந்தது. ஆடுகளைவிட நாய்களே அவற்றுக்கு அதிகம் இரையாகியிருந்தன.

நீலகிரி மாவட்டம் குன்னூரில், 2023 நவம்பரில் தீபாவளிச் சமயத்தில், நாயைத் துரத்திவந்த சிறுத்தை ஒன்று வீட்டுக்குள் புகுந்தது. தகவலறிந்து சென்ற தீயணைப்பு வீரர்கள் உள்ளிட்ட சிலர் காயமடைந்தனர். எலெக்ட்ரானிக் சிட்டிவாசிகளுக்கும் சிறுத்தை தொலைவில் உள்ள விலங்கு அன்று. அருகிலுள்ள சிங்கசந்திரா, கூட்லு கேட் பகுதிகளில் 2023 அக்டோபர் இறுதியில் நடமாடிய சிறுத்தை, நவம்பர் 1 அன்று பிடிக்கப்பட்டபோது உயிரிழந்தது.

ஆகவே, மலைக்குடிலைத் தேர்ந்தெடுக்கும்போது நாய் இரவில் எங்கே உறங்கும் என்ற கேள்வி முக்கியமானது. சில இடங்களில் நாய்க்கு அனுமதி உண்டு என்பதன் பொருள், வெளியே உள்ள கூண்டிலோ வராந்தாவிலோ கட்டிவைக்கலாம் என்பது மட்டுமே. சிறுத்தை நடமாட்டம் உள்ள பகுதியில் திறந்த வராந்தாவில் கட்டப்பட்ட நாய்க்குத் தப்பிக்க வழியே இல்லை. அறைக்குள் உறங்க அனுமதிக்காத இடத்தை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும், தவிர்ப்பதே சரி. மாலை இருட்டிய பின்பும் விடியும் முன்பும் நாயைத் தோட்டத்தில் உலவ விடக் கூடாது.

குடகின் காபித் தோட்டங்களில் யானைகளும், கோத்தகிரி, குன்னூர் பகுதிகளில் கரடிகளும் குடியிருப்புகளை ஒட்டி வருவது வழக்கம். குரைத்துச் சீண்டும் நாய், துரத்தப்பட்டால் தன் எஜமானரை நோக்கியே ஓடிவரும். பின்னால் யானையும் வரும். கழுத்துப் பட்டையில் கயிறு இருக்க வேண்டும் என்ற விதி நாயை மட்டுமல்ல, அதை வளர்ப்பவரையும் காக்கிறது. பார்வையால் இரையைக் கண்டு பாயும் வேட்டை இனங்களான சிப்பிப்பாறை, கன்னி, முதோல் போன்றவை ஒரு முயலைக் கண்டாலும் நொடியில் மறைந்துவிடும் என்பதால், அவற்றுக்கு உயரமான முழு வேலி இன்றியமையாதது.

நாயால் காட்டுக்கும் ஆபத்து

ஆபத்து ஒருவழிப் பாதை அன்று. நாய்களைத் தாக்கும் 'கேனைன் டிஸ்டெம்பர்' வைரஸ், 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்களின் உயிரைப் பறித்தது. அங்கிருந்த சிங்கங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அது. சுற்றியிருந்த கிராம நாய்களிடமிருந்து அது பரவியதாகக் கருதப்பட்டது. குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து இறந்தபோதும், அவற்றில் சிலவற்றின் உடலில் இதே வைரஸ் கண்டறியப்பட்டது.

நகரிலிருந்து செல்லும் நாய்க்கு டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல், வெறிநாய்க்கடி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் முழுமையாகப் போடப்பட்டிருக்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தடுப்பூசி போட்ட மறுநாளே பாதுகாப்பு கிடைத்துவிடாது. எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும். ஆகவே, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைச் சரிபார்ப்பது பயன் தரும். தடுப்பூசிச் சான்றைக் கேட்காத குடில், அதற்கு முன்பு தங்கிய நாய்களிடமும் கேட்டிருக்காது என்பதே பொருள்.

பண்ணை வீட்டின் மறைவான ஆபத்துகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஈரோடு பகுதிகளின் பண்ணை வீடுகளில் காட்டு விலங்குகளைவிடத் தோட்டத்தில் உள்ளவையே அதிகக் கவனத்தைக் கோருகின்றன. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பிளாஸ்டிக் விரிப்பு போடப்பட்ட பண்ணைக்குட்டை ஆகியவற்றில் விழும் நாய், நீந்தத் தெரிந்திருந்தாலும் வழுக்கும் கரையில் ஏற முடியாமல் மூழ்கிவிடும். எலிகளுக்கு வைக்கும் விஷம், பயிருக்குத் தெளித்த பூச்சிக்கொல்லி, காட்டுப்பன்றியைத் தடுக்கும் மின்வேலி ஆகியவை எங்கே உள்ளன என்று உரிமையாளரிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். காட்டுப்பன்றிகளைக் கொல்வதற்காகச் சட்டவிரோதமாக வைக்கப்படும் 'அவுட்டுக்காய்' எனும் வெடிமருந்து உருண்டையைக் கடித்து யானைகளே இறந்திருக்கின்றன. மோப்பம் பிடித்துச் செல்லும் நாய்க்கு அது நொடிப்பொழுதுச் சாவு. வரப்பு ஓரங்களில் நாயை அவிழ்த்துவிடாமல் இருப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஏற்காடு, குடகு காபித் தோட்டங்களில் உலர்த்தப்படும் காபிக் கொட்டைகளும் நாய்க்கு ஆகாதவை. காஃபின் அதன் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். சாக்லேட், திராட்சை ஆகியவையும் நச்சே.

பாம்புக்கடிக்கு இந்தியாவில் பயன்படும் நச்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சுக்கு எதிராகத் தயாரிக்கப்படுகிறது. நாய்களுக்கும் அதுவே தரப்படுகிறது. கடிபட்ட இடத்தைக் கீறுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. நாயை நடக்கவிடாமல் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்ப்பதே செய்யத்தக்கது. அந்த மருத்துவமனை எங்கே உள்ளது, அங்கே நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ளதா என்பதை முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவைப்பது அவசியம்.

கடற்கரையில் கவனிக்க வேண்டியவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள குடில்களுக்கு நாயுடன் செல்பவர்கள், மணலின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது நல்லது. ஐந்து விநாடிகள் கையை வைத்திருக்க முடியாவிட்டால், நாயின் பாதமும் அதைத் தாங்காது. கடல்நீரைக் குடித்தால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்படும் என்பதால், நல்ல தண்ணீர் எப்போதும் கையில் இருக்க வேண்டும். மீனவர்கள் வலையிலிருந்து பிரித்து மணலில் வீசும் பேத்தை மீன் கொடிய நஞ்சுடையது. அதை நாய் கவ்வவிடக் கூடாது.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கடற்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டைகளைத் தோண்டித் தின்பதில் நாய்களுக்குப் பெரும் பங்குண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இந்த ஆமைகள் இடம்பெற்றுள்ளதால், அம்மாதங்களில் இரவு நேரக் கடற்கரை நடையைக் கயிறின்றி மேற்கொள்ளக் கூடாது.

மாமல்லபுரம் செல்வோர் மற்றொன்றையும் திட்டமிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்களுக்குள் விலங்குகளைக் கொண்டுவருவதற்கு 1959-ஆம் ஆண்டின் விதிகள் தடை விதிக்கின்றன. கடற்கரைக் கோயிலைக் காணச் செல்லும் நேரத்தில் நாயை அறையில் தனியே விட முடியுமா என்று கேட்டால், பல குடில்கள் மறுத்துவிடும். அப்படியானால், குடும்பத்தினர் முறை வைத்தே செல்ல நேரிடும்.

உண்ணியும் அதன் பிறகு வரும் காய்ச்சலும்

ஆபத்து குடிலோடு முடிவதில்லை. உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா நோயின் அறிகுறிகள் தெரிய ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். காய்ச்சல், உணவில் நாட்டமின்மை, மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால், அண்மையில் சென்ற பயணத்தைக் கால்நடை மருத்துவரிடம் மறவாமல் தெரிவிக்க வேண்டும். மலைநாட்டில் மனிதருக்கும் எச்சரிக்கை தேவை. 1957-ல் சிவமொக்கா மாவட்டத்தின் கியாசனூர் காட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுவது. டிசம்பர் முதல் மே வரையிலான வறண்ட மாதங்களில் அதிகம் காணப்படுவது. காட்டில் திரிந்துவரும் நாயின் ரோமத்தில் ஒட்டிய உண்ணிகள் மனிதர் மீதும் ஏறக்கூடும். பயணத்துக்கு முன்பே உண்ணித் தடுப்பு மருந்து தருவதும், தினமும் மாலையில் காது மடல், விரலிடுக்கு, அக்குள் ஆகியவற்றைச் சோதிப்பதும் இரு தரப்புக்கும் நன்மை.

தமிழகத்திலும் கர்நாடகத்திலும் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திச் சேவை உள்ளது. அது முதன்மையாக ஆடு மாடுகளுக்கானது என்பதால், அதை மட்டும் நம்பாமல் அருகிலுள்ள நகரின் மருத்துவமனை எண்ணையும் குறித்துவைப்பது நல்லது.

எழுத்தில் பெற வேண்டிய பதில்கள்

முன்பணம் அனுப்பும் முன் கீழ்க்காணும் கேள்விகளுக்குக் குறுஞ்செய்தியிலோ மின்னஞ்சலிலோ பதில் பெற்றுக்கொண்டால், சென்று இறங்கிய பின் வாக்குவாதம் எழாது.

* நாய் அறைக்குள் உறங்கலாமா? அதன் இனம், எடை, எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா?
* வேலி நான்கு புறமும் முழுமையாக உள்ளதா? வாயிற்கதவின் அடியில் இடைவெளி எவ்வளவு? (காணொலி கேட்பது நல்லது.)
* வளாகத்தில் வேறு நாய், பூனை, கோழி உண்டா? உரிமையாளரின் நாய் கட்டப்பட்டிருக்குமா?
* கடந்த சில மாதங்களில் சிறுத்தை, யானை, கரடி வந்ததுண்டா?
* கிணறு, குட்டை, மின்வேலி, எலி மருந்து எங்கே உள்ளன?
* கூடுதல் கட்டணம் எவ்வளவு? சேத வைப்புத்தொகை எப்போது திரும்பக் கிடைக்கும்?
* அருகிலுள்ள கால்நடை மருத்துவமனை எவ்வளவு தொலைவில்? இரவிலும் விடுமுறை நாளிலும் இயங்குமா?

இக்கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதிலளிக்கும் உரிமையாளர், அனேகமாகத் தாமே நாய் வளர்ப்பவராகவோ அதன் தேவைகளை அறிந்தவராகவோ இருப்பார். "எல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால் வேறு இடம் தேடுவதே நலம். பத்து வயதைக் கடந்த நாய், கருவுற்ற நாய், தடுப்பூசி முடியாத குட்டி ஆகியவற்றுக்கு எத்தனை வசதியான குடிலும் ஏற்றதன்று. பழகிய வீட்டில் பழகிய ஒருவரின் பொறுப்பில் விட்டுச்செல்வதே அவற்றுக்குச் சிறந்த விடுமுறை.